மூலிகைத் தூள் சலிக்கச் சல்லடை தேர்ந்தெடுக்கும் விதம்

மூலிகைச் சரக்கை மூட்டையாகவே விற்பதினும் இடித்துத் தூளாக்கி விற்பது லாபகரமெனக் கருதிக் கூட்டுறவுச் சங்கத்தார் சிலர் பொதுவில் அரைவை யந்திரம் வாங்குவதுண்டு. யந்திரத்தின் விலையைப் பேசுவதில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் சிரமத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சல்லடையின் விஷயத்தில் எடுத்துக்கொள்வதில்லை. பின்னர் தூள் கரகரப்பாயிருக்கிறதென்று வியாபாரி திருப்பி அனுப்பினால், வண்டிச் சத்தமும் அரைவைக் கூலியும் அங்கத்தினர் தலையிலேயே விழுகின்றன. குற்றமோ யந்திரத்தின்மேல் சாட்டப்படுகிறது.

பண்டை வைத்தியர்கள் சூரணத்தை மெல்லிய துணியில் சலித்தனர். இதனை வஸ்திரகாயம் என்பர். வீட்டளவில் செய்யும் மருந்துக்கு இது உத்தமமான முறையே. ஆனால் துணியின் கண் துவைக்கத் துவைக்க மாறுபடும். இம்மாதத்துத் தூளும் அடுத்த மாதத்துத் தூளும் ஒன்றாயிரா. ஒரே தரமாகச் சரக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட சங்கத்துக்குக் கம்பிச் சல்லடையே ஏற்றது.

கடைகளில் சல்லடையை 40, 60, 80, 100 மெஷ் என்று எண்ணிட்டு விற்கின்றனர். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் உள்ளனவோ அதுவே மெஷ் எண்ணாகும். எண் உயர உயரக் கண் சிறுக்கும். இவ்வளவோடு நின்றுவிடுவது போதாது. ஏமாற்றம் நேருவது இதற்கு அப்பால்தான். அங்குலமாவது 25.4 மில்லிமீட்டர். அதனை 80 ஆல் வகுத்தால் 0.3175 மில்லிமீட்டர் கிடைக்கும். இதில் கம்பியின் கனமும் சேர்ந்திருக்கிறது. கம்பி 0.14 மில்லிமீட்டர் கனமாயின் துவாரம் ஏறக்குறைய 0.18 மில்லிமீட்டர், அதாவது 180 மைக்ரான் இருக்கும். கம்பி 0.11 மில்லிமீட்டராக மெலிந்தாலோ துவாரம் 0.21 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைய இருக்கும். இரண்டுமே 80 மெஷ்தான். விழும் தூள் மட்டும் வேறு. ஆகையால் மெஷ் எண்ணோடு துவாரத்தின் மைக்ரான் அளவையும் கேட்டு, விலைச் சீட்டில் எழுதுவித்து வாங்க வேண்டும். வாங்கியதை நம்பிவிடவும் கூடாது. நெசவாளர் இழை எண்ணும் பூதக்கண்ணாடியை வைத்துக் கால் அங்குலத்தில் உள்ள கண்களை எண்ணினால் 80 மெஷில் 20 கண்கள் இருக்க வேண்டும். இதனை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் பார்க்க வேண்டும்.

இனி, எச்சரக்குக்கு எச்சல்லடை என்பது. உள்ளுக்குக் கொடுக்கும் சூரணம் 80 மெஷ் சல்லடையிலாவது செல்ல வேண்டுமென்று இந்திய சர்க்கார் 1978 இல் வெளியிட்ட ஆயுர்வேத மருந்துத் தொகுப்பின் முதற்பாகம் கூறுகிறது. கஷாயத்துக்குரிய சரக்கை அவ்வளவு சன்னமாக்குவது தவறு. அது நீரைக் கலக்கிவிடும்; வடிகட்டவும் முடியாது. கஷாயத்துக்கு ஒன்றிரண்டாக இடித்ததே தகும். வாசனைச் சரக்குகளை வீணில் சன்னமாக்கினால் மணமும் விரைவில் போய்விடும். மிகச் சன்னமானதே மேலானது என்னும் எண்ணத்தை அங்கத்தினர் விட்டுவிடுவது நலம்.

சல்லடையில் தங்கும் கப்பியை எறிந்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது இரு வகையில் கேடு. சுக்கை இடித்தால் மாவுப்பகுதி முதலில் தூளாகும். நார் பிந்தித் தங்கும். நாரை எறிந்துவிட்டால் விற்கப்படுவது முழுச் சுக்கின் தூள் அன்று. மேலும், 10 கிலோ சுக்குக் கொண்டுவந்த அங்கத்தினருக்கு 8 கிலோத் தூளுக்கு மாத்திரம் கணக்குத் தீர்த்தால் மிச்சம் 2 கிலோ எவருடையது? கப்பியைத் திரும்பத் திரும்ப அரைத்து, யாவும் சல்லடையில் இறங்கிய பின்னர், முதல் தூளையும் கடைசித் தூளையும் ஒன்றாய்க் கலப்பதே முறை. கையில் பட்டும் காற்றில் பறந்தும் போகும் சிறு சேதத்தைத் தனியே எழுதி வைத்தால் சச்சரவுக்கு இடமிராது.

கம்பி எந்த உலோகம் என்பதையும் கவனிக்க வேண்டும். கடுக்காய்த் தூள் ஈரத்தோடு இரும்பில் பட்டால் மைபோல் கறுக்கும். கடுக்காயும் இரும்பும் கொண்டு மை காய்ச்சுவது இக்குணத்தினாலேயே. நெல்லி வற்றலின் புளிப்புப் பட்டால் பித்தளையில் களிம்பு ஏறும். எவர்சில்வர் கம்பி விலை கூடுதலாயினும் இவ்விரண்டுக்கும் பொருந்தும்.

80 மெஷின்மேல் முரட்டுத் தூளை நேரே கொட்டினால் கம்பி தொய்ந்துபோகும். முதலில் 20, பின்பு 40 மெஷில் சலித்து இறக்கியதையே அதில் இட வேண்டும். மழைநாளில் தூள் ஈரத்தை இழுத்துக் கண்களை அடைத்துக்கொள்ளும்; அப்போது உள்ளங்கையால் தேய்த்து இறக்குவோர் உண்டு. அதனால் கம்பிகள் விலகும். விலகிய கண் ஒன்றிருந்தாலும் கப்பி கலந்துவிடும். சரக்கை மறுபடியும் காயவைத்துச் சலிப்பதே வழி. அடைப்பை ஊசியால் குத்தாமல் மெல்லிய தூரிகையால் அடிப்புறமிருந்து தட்ட வேண்டும். மாதம் ஒருமுறை சல்லடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கிழிசல் புலப்படும். சீயக்காய் சலிப்போர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். மிளகாய்க்கு உபயோகித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் மருந்துச் சரக்குக்கு எடுக்கலாகாது. அதற்கெனத் தனிச் சல்லடை வைத்து, சட்டத்தில் பெயரெழுதிவிடுவது நல்லது.