வைப்புத்தொகையைத் தர மறுக்கும் வீட்டுக்காரர்

கேள்வி: இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு வீவக வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மூன்று மாதத்துக்கு முன் காலி செய்தோம். சுவரெல்லாம் ஆணித் தடம், ஏர்கான் பராமரிப்பு சரியில்லை என்று சொல்லி, வைப்புத்தொகை 5,600 வெள்ளியையும் வீட்டுக்காரர் தர மறுக்கிறார். வழக்கறிஞர் வைக்க எங்களுக்கு வசதியில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: உங்களுக்கு ஏற்ற இடம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞருக்கு இடமே இல்லை. நீங்களும் வீட்டுக்காரரும் அவரவர் வழக்கை அவரவரே பேச வேண்டும். கோரிக்கை 20,000 வெள்ளிக்குள் இருக்கலாம். இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வாடகை ஒப்பந்தம் என்றால் இரண்டு ஆண்டைத் தாண்டாத குடியிருப்பு ஒப்பந்தமாக இருக்க வேண்டும். உங்களுடையது தாண்டவில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.

முதலில், தேதி குறிப்பிட்டுக் கெடு வைத்து, பணத்தைத் திருப்பித் தரும்படி வீட்டுக்காரருக்கு எழுதுங்கள். வாட்ஸ்அப் போதும். எந்தச் சேதத்துக்கு எவ்வளவு பிடித்தார், ரசீது எங்கே என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் உங்கள் பக்கம் பேசும்.

பிறகு, அரசு நீதிமன்றங்களின் இணையத்தளத்தில் சிங்பாஸ் வழியாக நுழைந்து வழக்கைப் பதியலாம். 5,000 முதல் 10,000 வெள்ளி வரையிலான நுகர்வோர் கோரிக்கைக்குக் கட்டணம் 20 வெள்ளி. முதலில் பதிவாளர் முன்னிலையில் சமரசப் பேச்சு நடக்கும். வீட்டுக்காரர் 4,000 தருகிறேன் என்று இறங்கி வந்தால் உடனே முறைத்துக்கொள்ளாதீர்கள், நிதானமாக யோசியுங்கள். பேச்சு முறிந்தால்தான் நடுவர் விசாரிப்பார்.

விசாரணையில் வெல்வது வாய்ப்பேச்சு அல்ல, காகிதம். குடிபுகுந்த நாளிலும் சாவி கொடுத்த நாளிலும் எடுத்த படங்கள், பொருள் பட்டியல், ஏர்கான் சர்வீஸ் ரசீதுகள், வைப்புத்தொகை கட்டிய வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். இரண்டு ஆண்டு குடியிருந்த வீட்டில் சுவர் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். வழக்கமான தேய்மானத்தைக் குடியிருந்தவர் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்லியிருந்தால், அதைச் சரிசெய்யும் செலவை மட்டும் கழித்துக்கொள்ளச் சம்மதித்துவிடுவது புத்திசாலித்தனம். ஐந்தாறு ஓட்டைக்காக 5,600 வெள்ளி பிடித்தது நியாயமில்லை என்று சொல்ல அப்போதுதான் உங்களுக்கு வாய் இருக்கும்.

தீர்ப்பு வந்ததும் பணம் தானாகக் கைக்கு வந்துவிடாது. அவர் கட்டாவிட்டால் அதை நிறைவேற்ற நீங்கள்தான் தனியாக மனுப் போட வேண்டும். அதற்குச் செலவும் உண்டு. சமரசத்தை எளிதில் தள்ளிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்று இரவே ஒன்று பாருங்கள்: உங்கள் வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டிய சான்று இருக்கிறதா? கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது. இல்லையென்றால், அபராதத்தோடு கட்டிவிட்டு வழக்கைப் பதியுங்கள்.