மிஞ்சுவதே நிறம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

எங்கள் வீட்டில் எனக்கு முன் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவரும் இலர். என் தந்தையார் கைத்தறி நூலுக்குச் சாயம் ஏற்றும் தொழிலாளி. நான் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன்.

அரக்கு நிறச் சேலைகளுக்கான நூல் பாதியில் தீர்ந்துவிட்டது. வழக்கமாக வாங்கும் சாயத்தூள் அப்போது கிடைக்கவில்லை. வேறு இரண்டு தூள்களைக் கலந்து இரவோடு இரவாக அப்பா சாயம் காய்ச்சினார். பழைய சிட்டத்தையும் புதிய சிட்டத்தையும் குழல் விளக்கின் அடியில் அருகருகே வைத்துப் பார்த்தோம். வேற்றுமை தெரியவில்லை. நெய்து முடித்துப் பகலில் சேலையை விரித்தபோதுதான், புதிய நூல் தொடங்கிய இடத்திலிருந்து நிறம் பழுப்பேறிக் கிடந்தது தெரிந்தது. சேலைகள் திரும்பி வந்தன. அந்த மாதக் கூலியில் பெரும்பகுதி போயிற்று. "வெயில்ல பார்க்காம சாயத்தை நம்பினது என் தப்பு" என்றார் அப்பா. "ஏன் வெயில்ல பார்க்கணும்?" என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கு இவ்வாண்டு ஒளியியல் பாடத்தில் எனக்கு விடை கிடைத்தது.

ஒரு பொருளின் மீது விழும் வெண்ணொளியில் ஒரு பகுதி எதிரொளிக்கப்படுகிறது. ஒரு பகுதி ஊடுருவிச் செல்கிறது. ஒரு பகுதியைப் பொருள் தானே எடுத்துக்கொள்கிறது. இந்த மூன்றாவது நிகழ்ச்சியையே உட்கவர்தல் என்கிறோம். இலையில் உள்ள பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் பெரிதும் உட்கவர்கிறது. மிஞ்சும் பச்சை நம் கண்ணை அடைகிறது. மயில்துத்தக் கரைசல் சிவப்புப் பகுதியை உட்கவர்வதால் நீலமாகத் தோன்றுகிறது. ஆகவே, நாம் நிறம் என்று காண்பது பொருள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய ஒளியையே.

ஒரு பொருள் சில நிறங்களை மட்டும் தேர்ந்தெடுத்து உட்கவர்வது ஏன்? ஒளியின் ஆற்றல் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் ஆற்றலும் அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 1900-இல் பிளாங்க்கும் 1905-இல் ஐன்ஸ்டீனும் வகுத்த கருத்து இது. அணுவில் உள்ள எலக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்களில் மட்டுமே இருக்க முடியும் என்று 1913-இல் போர் காட்டினார். கீழ்மட்டத்திலிருந்து மேல்மட்டத்திற்குச் செல்ல எவ்வளவு ஆற்றல் வேண்டுமோ, மிகச் சரியாக அவ்வளவு ஆற்றலுள்ள ஒளியையே அணு ஏற்கும். கையில் சில்லறையே இல்லாத பேருந்து நடத்துநரை எண்ணிப் பாருங்கள். சரியான கட்டணத்தை நீட்டினால்தான் சீட்டு. குறைந்தாலும் இல்லை, கூடினாலும் இல்லை!

சோடியம் அணுவுக்கு அந்தக் கட்டணம் ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட். இது 589.0, 589.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளிக்குரிய ஆற்றல். சுடரும் வெண்ணொளியின் முன் குளிர்ந்த சோடிய ஆவியை வைத்து நிறமாலையைப் பார்த்தால், மஞ்சள் பகுதியில் அவ்விரு இடங்களிலும் கருங்கோடுகள் தென்படும். ஆவி தான் ஏற்ற ஒளியை மீண்டும் வெளியிடினும், எல்லாத் திசைகளிலும் சிதறவிடுவதால் நம்மை நோக்கி வரும் ஒளி குறைந்துபோகிறது. இதுவே உட்கவர் நிறமாலை.

ஆவியில் அணுக்கள் தனித்தனியே இருப்பதால் கோடுகள் கூர்மையாக அமைகின்றன. கரைசலிலும் சாயத்திலும் நிலைமை வேறு. அங்கே மூலக்கூறுகள் அதிர்கின்றன. அண்டை மூலக்கூறுகள் நெருக்குகின்றன. ஆற்றல் மட்டங்கள் பலவாகப் பெருகி நெருங்கிவிடுவதால், கோடுகளுக்குப் பதிலாக அகன்ற பட்டைகள் தோன்றுகின்றன.

இதை எங்கள் ஆய்வுக்கூடத்தில் நேரில் கண்டேன். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை வெண்ணொளி விளக்குக்கும் நிறமாலைமானியின் பிளவுக்கும் இடையில் வைத்தேன். பச்சைப் பகுதி முழுவதும் ஒரே இருளாகத் தெரிந்தது. கருவி பழுது என்று நினைத்துப் பேராசிரியரிடம் சென்றேன். "தண்ணீர் சேர்த்துப் பார்" என்றார் அவர். கரைசல் வெளிறிய பின் பார்த்தால், அந்த ஒரே இருள் பிரிந்து அருகருகே பல கரும்பட்டைகளாக நின்றது! நான் கரைசலை அளவுக்கு மீறி அடர்த்தியாக்கியதே தவறு. லாம்பர்ட், பீர் ஆகியோரின் பெயரால் வழங்கும் விதி இதை விளக்குகிறது. ஒரு சென்டிமீட்டர் கரைசல் குறிப்பிட்ட அலைநீள ஒளியில் பாதியை மட்டும் விடுமானால், இரண்டு சென்டிமீட்டர் கால் பங்கையும், மூன்று சென்டிமீட்டர் அரைக்கால் பங்கையுமே விடும். அடர்த்தியைக் கூட்டினாலும் விளைவு இதுவே. கரைசலில் எவ்வளவு பொருள் கரைந்துள்ளது என்று ஒளியைக் கொண்டே அளக்கும் முறை இவ்விதியின் மீதுதான் எழுந்தது.

ஆய்வுக்கூடத்திற்கு எடுத்து வர முடியாத பொருளையும் இவ்வாறு அறியலாம். சூரிய நிறமாலையில் சில கருங்கோடுகளை வோல்லாஸ்டன் 1802-இல் கண்டார். கண்ணாடித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, கண்ணாடிப் பட்டறையில் பயின்ற பிரான்ஹோபர், 1814-இல் தொடங்கி ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கோடுகளை வரைந்து காட்டினார். அவற்றுள் டி எனப் பெயரிட்ட கோடு சோடியத்தின் கோடே என்பதைக் கிர்க்காஃப் 1859-இல் விளக்கினார். ஏ, பி எனப்பட்ட கோடுகளோ சூரியனுக்குரியவை அல்ல. நம் பூமியின் காற்றிலுள்ள ஆக்சிஜன் உட்கவர்ந்த தடங்கள். நம் கொடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளின் கருங்கோடுகள் இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டு, அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்வதை அறிந்தார். கோட்டின் வலிமை விண்மீனின் வெப்பநிலையைப் பொறுத்தும் மாறும் என்பதை மேகநாத் சாகா 1920-இல் தம் சமன்பாட்டால் நிறுவினார்.

இனி, சேலைக்கு வருவோம். பழைய சாயமும் புதிய கலவையும் வெவ்வேறு பொருள்கள். ஆகவே அவற்றின் உட்கவர் பட்டைகளும் வெவ்வேறு. சூரிய ஒளியில் எல்லா அலைநீளங்களும் தொடர்ச்சியாக உள்ளன. குழல் விளக்கிலோ ஒளி சில அலைநீளங்களில் மிகுந்தும், மற்றவற்றில் குறைந்தும் வருகிறது. மிகுந்து வரும் அந்தச் சில இடங்களில் இரண்டு சாயங்களும் ஒத்து உட்கவர்ந்தால், இரண்டும் ஒன்றாகவே தெரியும். அவை வேறுபடும் அலைநீளங்களில் போதிய ஒளியே இல்லாதபோது வேற்றுமை எப்படிப் புலப்படும்? விளக்கு காட்டாமல் விட்டதை வெயில் காட்டிவிட்டது.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது ஒரு பழைய குறுந்தகட்டை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். குழல் விளக்கின் ஒளியை அதில் சாய்த்துப் பார்த்தால் நிறங்கள் விட்டுவிட்டுத் தெரிந்தன. பகலில் திண்ணையில் நின்று, சூரியனை நேரே பார்க்காமல், வானத்தின் ஒளியை அதில் விழச் செய்து பார்த்தார். நிறங்கள் இடைவெளியின்றித் தொடர்ந்தன. நண்பர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னார்: "அப்ப, அதே தூள்ல அதே அளவு போட்டுக் காய்ச்சினா எந்த விளக்குல பார்த்தாலும் ஒத்துப்போகும். தூள் மாறினாத்தான் வெயிலுக்குக் காத்திருக்கணும். அப்படித்தானே?"

அப்படித்தான். நான் சொல்லாத முடிவு அது. எங்கள் பாடநூலிலும் அவ்வரி இல்லை. அவரே கண்டுகொண்டார்.