ஆரணி வெயிலில் ஆரஞ்சு சாக்லேட் கேக்

கேக் செய்முறை எதைப் புரட்டினாலும், வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி வந்துவிடும். எந்த ஊர் அறை என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. எழுதியவர் லண்டனிலோ ஊட்டியிலோ இருந்தால் அது 20 டிகிரியை ஒட்டிய அறை. ஆரணியில் கத்திரி வெயில் நாளில் அதே வெண்ணெயை அடுப்படி மேடையில் வைத்தால், மைதாவைச் சலித்து முடிப்பதற்குள் ஓரம் உருகத் தொடங்கிவிடும். சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூரில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஆரணிக்கும் அதே வெயில்தான்.

இது சின்ன விஷயம் அல்ல. சர்க்கரையையும் வெண்ணெயையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பரல்கள் வெண்ணெய்க்குள் நுண்ணிய காற்றுக் குமிழிகளைப் பதிக்கின்றன. பேக்கிங் பவுடரின் வேலை அந்தக் குமிழிகளை ஊதிப் பெரிதாக்குவதுதான். வெண்ணெய் இளகியும் இளகாமலும் இருந்தால்தான் காற்று தங்கும். உருகிவிட்டால் எவ்வளவு அடித்தாலும் நிற்காது. கேக் அடை மாதிரி தட்டையாக, கனமாக வரும். கைப்பக்குவம் போதவில்லை என்று நொந்துகொள்பவர்களில் பலர் உண்மையில் வெயிலிடம் தோற்றவர்கள்.

பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் ஆரணி. நெசவுக்காரர்கள் வெயிலோடு மல்லுக்கு நிற்பதில்லை. பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார்கள். வெண்ணெய் கேக்கையும் அப்படியே மார்கழி, தை விடியற்காலைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற மாதங்களில் எண்ணெயில் செய்யும் கேக்கைப் பிடித்துக்கொள்வது இந்த ஊருக்குப் பொருத்தம். இதில் காற்றைப் பிடித்துவைப்பது முட்டை. வெண்ணெயின் மணம் போய்விடுமே என்ற கவலையும் வேண்டாம். சாக்லேட்டும் ஆரஞ்சும் சேர்ந்த இடத்தில் அது எப்படியும் பின்வரிசைக்குப் போய்விடும். கூடுதல் லாபமாக, ஃபிரிட்ஜில் வைத்தாலும் எண்ணெய் கேக் இறுகாது.

அளவுகளைக் கப்பில் எடுக்காமல் எடைபோடுவது நல்லது. மைதாவை அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரே கப் 120 கிராமும் காட்டும், 150 கிராமும் காட்டும். பட்டு நூலையும் ஜரிகையையும் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுத்து வாங்கிப் பழகிய ஊருக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. சமையலறைக்கென ஒரு சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும்.

எட்டு அங்குல நீளம், நான்கு அங்குல அகலமுள்ள லோஃப் டின் ஒன்றுக்கான கணக்கு இது. மைதா 170 கிராம், இனிப்பில்லாத கொக்கோ தூள் 30 கிராம், சர்க்கரை 170 கிராம், முட்டை இரண்டு, புளிக்காத கெட்டித் தயிர் 100 கிராம், சூரியகாந்தி எண்ணெய் 100 மில்லி, வெந்நீர் 60 மில்லி, ஆரஞ்சுச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, இரண்டு ஆரஞ்சின் தோல் துருவல், டார்க் சாக்லேட் 60 கிராம், பேக்கிங் பவுடர் தலைதட்டி ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. மேலே தடவும் பாகுக்குத் தனியாக 40 கிராம் சர்க்கரை, இன்னும் இரண்டு மேசைக்கரண்டி ஆரஞ்சுச் சாறு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இங்கே வேண்டாம். அவற்றின் வாசனை பழத்தை அமுக்கிவிடும்.

பழத்தில்தான் இந்தக் கேக்கின் உயிர் இருக்கிறது, அதிலும் தோலில். ஆரஞ்சு மணம் என்று மூக்கு சொல்வதெல்லாம் தோலின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரியும் எண்ணெய்ப் பைகளில் உள்ளது. சாறு புளிப்பும் இனிப்பும் தரும். அதன் மணம் சூட்டில் பெரும்பாலும் பறந்துவிடும். ஆரஞ்சு கேக் என்று பெயர் வைத்து ஒரு டம்ளர் சாற்றை ஊற்றுகிறவர்களுக்கு ஈரமான கேக் கிடைக்கும், ஆரஞ்சு கிடைக்காது.

எந்த ஆரஞ்சு என்பது மாதத்தைப் பொறுத்தது. குளிர்காலத்தில் வண்டிக்கடைகளில் குவியும் நாக்பூர் ஆரஞ்சின் தோல் மெல்லியது, சுளையோடு ஒட்டாமல் தளர்ந்திருப்பது. உரித்துவிட்டுத் துருவ முடியாது. முழுப் பழமாக ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, தோல் விறைத்ததும் துருவ வேண்டும். சாத்துக்குடி ஆண்டில் பெரும்பாலான நாட்களில் கிடைக்கும். பச்சை மாறாத தோல் சற்றுக் கசக்கும் என்பதால் மஞ்சள் ஓடிய பழமாகப் பார்த்து எடுக்கலாம். அதன் சாற்றில் புளிப்பு குறைவு. கூடவே ஒரு எலுமிச்சையின் தோலையும் துருவிச் சேர்த்தால் சரியாகிவிடும். வெளிநாட்டு ஆரஞ்சு என்றால் தோலில் மெழுகு பூசியிருப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் துருவ வேண்டும். எந்தப் பழமானாலும் நிறமுள்ள மேல்தோல் மட்டுமே வேண்டும். அடியிலிருக்கும் வெள்ளைச் சதை கசக்கும்.

வெளிநாட்டுச் செய்முறையில் ஒரு லெமன் என்று இருந்தால் நம் ஊர் எலுமிச்சை ஒன்றைப் பிழிந்து நிறுத்திவிடக் கூடாது. அந்த லெமன் ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி அளவுக்குச் சாறு வரும். புளியங்குடியிலிருந்து வரும் நல்ல பழமே ஆனாலும் நம் எலுமிச்சையில் அந்த அளவு வராது. ஆகவே சாற்றைப் பழக்கணக்கில் பார்க்காமல் கரண்டிக் கணக்கில் பார்ப்பதே பாதுகாப்பு.

சாக்லேட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிடப் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1798ல், குற்றாலத்தில் கொக்கோ பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இன்று பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிர். ஆரஞ்சோடு சாக்லேட்டைச் சேர்ப்பதும் புதுமை அல்ல: இங்கிலாந்தின் யார்க் நகரத்து டெர்ரீஸ் நிறுவனம் ஆரஞ்சு வடிவச் சாக்லேட்டை 1932ல் விற்கத் தொடங்கிவிட்டது.

கடையில் வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். கோகோ பட்டர் என்று இருந்தால் அது அசல் சாக்லேட். அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது கம்பவுண்ட். கேக் பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. வெயிலைத் தாங்கும், நாக்கில் மெழுகுபோல் ஒட்டும். கோகோ பட்டர் 34 டிகிரியை ஒட்டி உருகுவது, அதனால் அசல் சாக்லேட்டை ஆரணியில் கோடையில் வெளியே வைக்க வழியில்லை. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டும்போது எடுத்து நறுக்கலாம். பாலில் கலக்கும் சாக்லேட் பானத் தூள் கொக்கோ தூளுக்கு மாற்றாகாது; அதில் பெரும்பங்கு சர்க்கரை.

இனி வேலை. டின்னின் அடியிலும் நீளவாட்டுப் பக்கங்களிலும் படியும்படி ஒரே துண்டு பட்டர் பேப்பரை விரித்து, இரு புறமும் இரண்டு விரல் அகலம் வெளியே தொங்கவிட வேண்டும். பிறகு அதைப் பிடித்துத்தான் கேக்கைத் தூக்குவது. ஓடிஜி மின் அடுப்பை மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரியும்படி வைத்து 170 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கவும். ஓடிஜியின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கினால் பல கேக்குகள் பிழைக்கும்.

கொக்கோ தூளில் கொதிக்கும் நீரை ஊற்றிக் கட்டியில்லாமல் குழைத்து ஆறவிடவும். சூடு பட்டால்தான் கொக்கோவின் மணம் விரியும். வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டியைக் குறைத்து அதற்குப் பதிலாக ஃபில்டர் காப்பி டிகாக்‌ஷனை விட்டால் சாக்லேட்டின் கருமை கூடும். அதற்கு மேல் விட்டால் ஆரஞ்சு காணாமல் போகும்.

தோல் துருவலை நேராக மாவில் போடாமல், சர்க்கரையில் போட்டு விரல்களால் நன்றாகத் தேய்க்க வேண்டும். பரல்கள் உரசி எண்ணெய்ப் பைகளை உடைக்கும்; சர்க்கரை ஈரமணல் பதத்துக்கு வந்து வீடே மணக்கும். பத்து நிமிடம் அப்படியே விடவும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்கள் பழத்தில் போட்ட காசைப் பாதி வீணாக்குகிறார்கள்.

அந்தச் சர்க்கரையில் முட்டைகளை உடைத்து ஊற்றி, மின் கலக்கியால் நான்கு நிமிடம், நிறம் வெளுத்துக் கலவை தடிக்கும்வரை அடிக்கவும். கையால் அடித்தால் இரட்டிப்பு நேரம் ஆகும். பிறகு எண்ணெயைக் கம்பிபோல மெல்ல ஊற்றியபடி அடித்து, தயிர், ஆரஞ்சுச் சாறு, ஆறிய கொக்கோ விழுதைச் சேர்க்கவும். தயிர் அன்று உறைந்ததாக இருக்கட்டும். கோடையில் ஒரு பொழுதிலேயே புளித்துவிடும். புளித்த தயிரின் வாடை சாக்லேட்டையும் மீறித் தெரியும்.

மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு நான்கையும் ஒன்றாகச் சலித்து, இரண்டு தவணையாகப் போட்டு, அகப்பையால் அடியிலிருந்து புரட்டிக் கலக்கவும். வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கலக்கினால் மைதாவின் பசைத்தன்மை கூடி கேக் இழுவையாகும். நறுக்கிய சாக்லேட்டில் முக்கால் பங்கை உள்ளே சேர்த்து, மீதியை டின்னில் ஊற்றிய பிறகு மேலே தூவலாம். துண்டுகள் கடலைப்பருப்பு அளவுக்கு மேல் போனால் அடியில் போய் உட்காரும். மாவில் புரட்டிப் போடுவதால் பெரிய பயன் இல்லை.

கலந்த மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது. தயிரும் சாறும் பட்ட நொடியே சோடா பொங்கத் தொடங்கிவிடும். சோடா அளவும் கால் தேக்கரண்டியைத் தாண்ட வேண்டாம். புளிப்புக்கு மிஞ்சிய சோடா சோப்பு ருசி தரும்.

கீழிருந்து இரண்டாவது தட்டில் டின்னை வைத்தால் 50 முதல் 60 நிமிடம் ஆகும். இருபத்தைந்தாவது நிமிடம், மேலே ஆடை கட்டியதும், எண்ணெயில் தோய்த்த கத்தியால் நடுவே நீளமாக ஒரு கீறல் போட்டால் வெடிப்பு நேர்க்கோட்டில் வரும். போடாவிட்டாலும் குற்றமில்லை, லோஃப் கேக் வெடிப்பது இயல்பு. மேற்பகுதி கருகும்போல் தெரிந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடலாம். ஐம்பதாவது நிமிடத்தில் தென்னை ஈர்க்குச்சியைக் கழுவித் துடைத்துக் குத்திப் பார்க்கவும். சாக்லேட் துண்டில் பட்டால் ஈரமாகத்தான் வரும், எனவே இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டும். நடுவில் கரண்ட் போய்விட்டால் கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். முக்கால் பங்கு வெந்த கேக்கை உள்ளே அடைபட்ட சூடே கொஞ்சநேரம் தாங்கும்.

ஓடிஜி இல்லாத வீட்டில் குக்கரில் செய்வது வழக்கம். ஆனால் நீளமான லோஃப் டின் ஐந்து லிட்டர் குக்கருக்குள் நுழையாது. ஆம்பூர் பிரியாணி வட்டாரம் என்பதால் கனமான பிரியாணிப் பாத்திரம் பல வீடுகளில் உண்டு, அது போதும். அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் ஸ்டாண்ட் வைத்து, இறுக்கமான மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கிய பிறகு டின்னை இறக்கி, தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் விடலாம். மூடியில் கோக்கும் ஆவி கேக் மேல் சொட்டாமலிருக்க மூடியை ஒரு துணியால் கட்டி, முனைகளை மேலே முடிந்துவிட வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே சூடாக்கக் கூடாது. இப்படி வேகும் கேக்கின் மேற்புறம் ஓடிஜியில் வெந்ததுபோல் சிவக்காது.

கேக் வேகும்போதே பாகைத் தயாரிக்கலாம். சர்க்கரை, ஆரஞ்சுச் சாறு, எலுமிச்சைச் சாறு மூன்றையும் சர்க்கரை கரையும்வரை மட்டும் சூடாக்கவும். கொதிக்கவிட்டால் மணம் போகும், கம்பிப் பதமெல்லாம் தேவையில்லை. கேக் வெளியே வந்ததும் ஈர்க்குச்சியால் பரவலாகத் துளையிட்டு, சூட்டோடு பாகைக் கரண்டி கரண்டியாக விடவும். கால் மணி நேரம் டின்னிலேயே இருக்கட்டும். பிறகு பேப்பரைப் பிடித்துத் தூக்கிக் கம்பித்தட்டில் ஆறவிடலாம், ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம், மேற்புறம் வறண்டுவிடும். அன்றைக்கே வெட்டினால் உதிரும். மறுநாள் ரம்பப் பல் கத்தியால் வெட்டினால் துண்டுகள் உதிராமல் வரும், மணமும் ஊறியிருக்கும்.

வெயில் காலத்தில் ஒரு நாளுக்கு மேல் வெளியே வைக்காமல் டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் ஐந்து நாள் தாங்கும். சாப்பிடுவதற்கு இருபது நிமிடம் முன்பு எடுத்து வைத்தால் போதும்.

நார்த்தங்காய் கிடைத்தால் ஊறுகாய்க்குப் போக ஒன்றை ஒதுக்கலாம். அதன் தடித்த தோலை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்துக் கசப்பை வடித்து, சம எடைச் சர்க்கரைப் பாகில் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவிட்டு உலர்த்தினால், கேக் மாவில் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். சாக்லேட்டின் கசப்புக்கு நார்த்தையின் கசப்பு நன்றாக ஈடுகொடுக்கும். ஆரஞ்சைவிட இதுவே மேல் என்று சொல்லத் தோன்றும்.

புரட்டாசியில் முட்டை ஆகாத வீடுகளுக்கு: முட்டைகளை விட்டுவிட்டு, தயிரை 200 கிராமாகவும் சோடாவை அரைத் தேக்கரண்டியாகவும் உயர்த்தி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி கூட்டலாம். தயிரையும் ஆரஞ்சுச் சர்க்கரையையும் முதலில் அடித்துக் கரைத்த பிறகு மற்றவை. சற்று அடர்த்தியாக வரும். மாவு கலந்ததும் டின் அடுப்புக்குள் போயாக வேண்டும் என்ற அவசரம் இதில் இன்னும் அதிகம்.