தம்பி வரையட்டும்



திண்டிவனத்திலிருந்து நீங்கள் எழுதியது கிடைத்தது. 'படம் வரைய வைத்தால் என் தம்பி குடியை விட்டுவிடுவானா?' என்று கேட்டிருந்தீர்கள். அதனால் மட்டும் விடமாட்டார். ஆனாலும் வரையட்டும்.

முதலில் மருத்துவம். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். சிலருக்கு முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரும். பிறகு புத்தி தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உயிரே போகலாம். வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்ளட்டும், தப்பில்லை. அதற்கு முன் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டிவிடுங்கள். விழுப்புரம் போகிற வழிதான். போதை மீட்புக்கான இலவச எண் 14446.

உடம்பு தேறிய பிறகுதான் வரைவதற்கு வேலை. 'ஏன் குடிக்கிறே?' என்று நீங்கள் பல வருடமாகக் கேட்டுக் கேட்டு, அதற்கான பதில் அவருக்கு மனப்பாடமாகியிருக்கும். ஓவியம் வழியாகச் சிகிச்சை தருபவர் அதைக் கேட்கமாட்டார். தாளும் கலரும் கொடுத்து, 'வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழியை வரைங்க' என்பார். டீக்கடை, பாலம், டாஸ்மாக், சம்பள நாளில் காத்திருக்கும் கூட்டாளி எல்லாம் தாளில் வந்து விழும். எந்த முக்கில் கால் திரும்புகிறது என்று அவரே விரல் வைத்துக் காட்டுவார். அதே தாளில் இன்னொரு வழியும் போடச் சொல்வார் சிகிச்சையாளர்.

வீட்டில் என்றால் ஆரம்பத்தில் பென்சில் வேண்டாம். நடுக்கம் மிச்சமிருக்கும் கையில் கோடு கோணும். 'இதுகூட வரல' என்று கசக்கி எறிந்துவிடுவார். குயவரிடம் ஓர் உருண்டை களிமண் வாங்கிக் கொடுங்கள். மண் நடுக்கத்தைக் காட்டிக்கொடுக்காது.

இந்த முறைக்கு 1942-இல் 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். காசநோய் சானடோரியத்தில் படுத்தபடி வரைந்து தேறியவர். குடிநோய்க்கு இது எவ்வளவு பலிக்கும் என்பதற்கு ஆய்வுகள் குறைவுதான். மருந்து, ஆலோசனை, குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் இவற்றுக்குத் துணையாக நிற்கும். இது ஒன்றே போதும் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2023 மே மாதம் உங்கள் பக்கத்து மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். எண்ணிக்கையும் 10 லட்ச ரூபாய் நிவாரணமும் செய்தியாயின. எது அவர்களை அங்கே இழுத்துக்கொண்டு போனது என்று அவர்களையே கேட்க இனி வழியில்லை. உங்கள் தம்பியைக் கேட்கலாம்.

ஒன்று மட்டும்: படத்துக்கு ஜாதகம் பார்க்காதீர்கள். தாள் முழுக்கக் கறுப்பை அப்பினாலும் பயப்படவேண்டாம். என்னவென்று அவரே சொல்லட்டும். சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். விட்டவர்கள் மறுபடி குடிப்பது இந்த நோயில் சகஜம். அப்படி வந்து நின்றால் கோபத்தில் படங்களைக் கிழிக்காமல், அந்த வழிப்படத்தை எடுத்துக்கொண்டு அவரோடு மறுபடி முண்டியம்பாக்கம் போங்கள்.