பரிசு வாளா, பணி வாளா?

படை அதிகாரியின் பழைய வாள் என்று விலைக்கு வருபவை மூன்று வகை. வீரத்தைப் பாராட்டிப் பெயர் பொறித்து வழங்கப்பட்ட பரிசு வாள் ஒன்று. சீருடையோடு சேர்த்து அதிகாரி தன் சொந்தக் காசில் வாங்கிக்கொண்ட பணி வாள் மற்றொன்று. வரவேற்பறைச் சுவருக்கென்று பிற்காலத்தில் செய்த நகல் மூன்றாவது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீட்டுக் கூடத்தை அலங்கரிக்க வாங்குபவர், முதல் வகையின் விலையைக் கொடுத்து மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுவரும் அபாயமே அதிகம்.

பரிசு வாளுக்கு மதிப்பைத் தருவது அதில் உள்ள பொன் அல்ல, பொறிப்பு. 1792-இல் சேலம் உள்ளிட்ட பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த திப்பு சுல்தான், 1799-இல் சீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தார். அவரது படுக்கையறை வாள், தாக்குதலை நடத்திய டேவிட் பெயர்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. 2023-இல் லண்டன் ஏலத்தில் அது சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. யாருடையது, யாருக்கு, எதற்காக என்ற மூன்று கேள்விக்கும் அந்த வாளிடம் விடை இருந்தது. பொறிப்பில்லாத வாள் எவ்வளவு மினுக்கினாலும் அதைப் பரிசு வாள் என்று நம்பி விலை கொடுக்கக் கூடாது.

அலங்காரத்தின் அளவு பெற்றவரின் பதவியைக் காட்டும். லண்டன் லாயிட்ஸ் தேசபக்தி நிதி 1803 முதல் வழங்கிய வாள்கள் 30, 50, 100 பவுண்டு என மூன்று தரத்தில் இருந்தன. உயர்ந்த அதிகாரிக்கு உயர்ந்த விலை வாள். வீரத்தை அளக்க வேறு அளவுகோல் அவர்களுக்குக் கிடைக்கவில்லை போலும்.

வாங்கும்முன் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பார்க்க வேண்டிய இடம் அலகின் மேற்பாதி. அக்காலச் சிறந்த வாள்களில் எஃகைச் சூடாக்கி மயில்கழுத்து நீலம் வரவழைத்து, அதன்மேல் கொடியும் மலரும் போர்க்கருவிக் குவியலும் பொன்னில் தீட்டியிருப்பார்கள். இந்த நீலம் மெல்லிய படலம். இருநூறு ஆண்டு கடந்தால் ஓரங்களிலும் உறை உரசும் இடங்களிலும் தேய்ந்தே இருக்கும். எங்கும் ஒரே சீராகப் பளபளத்தால் பிற்கால மறுபூச்சு என்று சந்தேகிக்கலாம். பழைய முலாம் பாதரசம் கலந்து ஏற்றியது, கனமானது, சற்று மங்கலான மஞ்சள். மின்முலாம் 1840-க்குப் பிறகே பரவியது. அதற்கு முந்திய டிரஃபால்கர் கடற்போர்க் காலத்து வாள் என்று சொல்லி விற்பதில் மின்முலாம் இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. எழுத்தையும் கவனிக்க வேண்டும். உளியால் வெட்டிய எழுத்தின் பள்ளத்தில் பழைய அழுக்கு படிந்திருக்கும். சுற்றியுள்ள உலோகம் தேய்ந்து எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால் பெயர் பின்னர் சேர்க்கப்பட்டது.

பணி வாளில் ஆடம்பரம் குறைவு, சான்று அதிகம். 1822 மாதிரி பிரிட்டிஷ் காலாட்படை வாளின் கைக்காப்பில் அரசரின் முதலெழுத்து இருக்கும். கம்பெனிப் படை வாளானால் அந்த இடத்தில் கிரீடம் ஏந்திய சிங்கத்தைக் காணலாம். விக்டோரியா அரசியின் முதலெழுத்து 1837 முதல் 1901 வரையிலான காலத்தைக் காட்டும். வாள் செய்த வில்கின்சன் நிறுவனம் 1854 முதல் அலகின் முதுகில் எண் குத்தியது. அந்த எண்ணைக் கொண்டு விற்ற ஆண்டைக் கண்டுபிடிக்க முடியும். பிடியில் மீன்தோலும் முறுக்கிய வெள்ளிக் கம்பியும் குலையாமல் இருப்பது நல்ல அடையாளம்.

உள்ளூர்ப் பெருமைக்காகச் சேலத்து உருக்கில் அடித்த வாள் வேண்டும் என்பவர்களும் உண்டு. கஞ்சமலை இரும்பு பேர்பெற்றதுதான்; ஆனால் அலகைப் பார்த்த மாத்திரத்தில் இது சேலத்து உருக்கு என்று யாராலும் சொல்லிவிட முடியாது. அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

தந்தப் பிடி போட்ட வாளை அழகுக்காகக்கூட வாங்கக் கூடாது. 1831 மாதிரித் தளபதி வாள்களுக்குத் தந்தப் பிடிதான் வழக்கம். இந்தியாவில் தந்த வணிகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நூறாண்டு கடந்த பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும்: விற்கும் வணிகருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆயுதச் சட்டம் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கிய பிறகு செய்யக் கூடாதது ஒன்று உண்டு. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளியோ பித்தளை துலக்கும் பொடியோ போட்டுத் தேய்த்தால் ஒரே நாளில் முலாம் போய்விடும். மெல்லிய துணியில் கனிம எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். தோலுறையில் அலகை வைத்திருந்தால் துரு ஏறும். தனியே வைக்க வேண்டும்.

பெயரும் காரணமும் பொறித்திருந்து, அந்த அதிகாரி அக்காலப் படைப் பட்டியலில் இருப்பதும் உறுதியானால் பரிசு வாளை வாங்கலாம். இல்லாவிட்டால் எண்ணும் முத்திரையும் தெளிவாக உள்ள பணி வாளே ஏற்றது.