ஒலிப்பும் மதிப்பும்

யோர்தான் ஆற்றின் துறைகளில் நிகழ்ந்ததாக, விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமம் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றது. கீலேயாத்தியருக்கும் எப்பிராயீமருக்கும் போர் மூண்டது. தோற்றோடிய எப்பிராயீமர் ஆற்றைக் கடந்து உயிர்தப்ப முயன்றனர். துறைகளைக் காத்து நின்ற கீலேயாத்தியர், கடக்க வந்தவர் ஒவ்வொருவரையும் 'ஷிபோலேத்' என்னும் ஒரு சொல்லைச் சொல்லுமாறு பணித்தனர். எப்பிராயீமர் நாவில் ஷகரம் எழாது. அவர் 'சிபோலேத்' என்றனர். அவ்வளவில் அவர் உயிர் போயிற்று. அக்காலத்து மாண்ட எப்பிராயீமர் 42,000 பேர் என்று அந்நூல் கணக்கிட்டுரைக்கின்றது.

இக்காலத்தில் எவரும் ஆற்றுத்துறையில் வாளேந்தி நிற்பதில்லை. ஆயினும், ஒருவர் வாய் திறந்த அளவிலேயே அவர் ஊரும் குலமும் கல்வியும் இன்னவென முடிவு கட்டும் செவிகள் எந்நாட்டிலும் உள்ளன. அம்முடிவைப் பொறுத்து ஒருவருக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் உண்டு. ஆங்கிலமொழி உலகின் பல பகுதிகளிலும் பரவிய மொழியாதலின், இச்செயலை அம்மொழியில் வைத்து அறிஞர் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

சொல்லும் இலக்கணமும் ஒன்றாக இருப்பவும், எழுத்தொலியாலும் பேச்சின் இசையாலும் வேறுபடும் பாங்கினை ஒலிப்பு என்னலாம். ஆங்கிலேயர் இதனை 'ஆக்சென்ட்' என வழங்குவர். ஒலிப்பு நாவிற்கு உரியது போலத் தோன்றினும், அதில் செவிக்கும் பெரும்பங்கு உண்டு. ஆங்கிலேயர் 'டி' என்னும் எழுத்தை, நுனிநா மேற்பல்லின் பின்னுள்ள ஈற்றைத் தொடுமாறு ஒலிப்பர். அவ்வொலி தமிழ்நாட்டார் செவியில் டகரமாக விழுகின்றது. இலங்கைத் தமிழர் செவியில் றகரத்திற்கு அணித்தாக விழுகின்றது. ஆதலின் கனடா நாட்டு நகர் ஒன்றின் பெயரைத் தமிழ்நாட்டார் 'டொராண்டோ' என எழுத, இலங்கைத் தமிழர் 'ரொறன்ரோ' என எழுதுவர். இருவரும் கேட்டது ஒரே சொல்லே. நாவும் அண்ணமும் பொருந்தும் இடங்களைச் சுட்டி எழுத்துக்களின் பிறப்பை வகுத்துரைத்த தொல்காப்பியர் இதனைக் கேட்பின் மகிழ்வார் போலும்!

இங்கிலாந்து பரப்பளவில் ஏறத்தாழத் தமிழ்நாட்டை ஒத்தது. அச்சிறு நாட்டினுள் ஒலிப்பு வேறுபாடுகளோ மிகப் பல. லண்டன் நகரத்தார் 'கப்' என்று கூறும் சொல்லை, வடபாலுள்ள யார்க்ஷயர் வாழ்நர் 'குப்' என்பது போல ஒலிப்பர். குளித்தலைக் குறிக்கும் சொல் தெற்கே 'பாத்' என நீளும். வடக்கே 'பத்' எனக் குறுகும். பர்மிங்காம், லிவர்ப்பூல், நியூகாசில் ஆகிய நகரங்களுக்குத் தனித்தனி ஒலிப்பு உண்டு. லண்டனின் கீழைப்பகுதியில் வாழ்ந்த உழைப்பாளர் பேச்சிற்குக் 'காக்னி' என்று பெயர். அவர் 'ஹவுஸ்' என்பதன் முதலிலுள்ள ஹகரத்தை விட்டு 'அவுஸ்' என்பர்.

இவற்றுள் ஒன்று மட்டும் உயர்ந்ததெனக் கொள்ளப்பட்டது எவ்வாறு? அரசவையும் வாணிகமும் அச்சுத்தொழிலும் லண்டனில் குவிந்தன. ஆதலின் அந்நகரத்து உயர்ந்தோர் பேச்சே ஏனையோருக்கு அளவுகோலாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வளவுகோலைப் பயிற்றுவோர் பலர் தோன்றினர். தாமஸ் ஷெரிடன் என்னும் நடிகர் 1761-இல் எடின்பரோ நகர் சென்று, ஆங்கிலத்தைத் திருத்தமாகப் பேசும் முறைபற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். கற்றறிந்த ஸ்காட்லாந்துப் பெருமக்கள் அவற்றை ஆவலுடன் கேட்டனர். ஷெரிடன் பிறந்ததோ அயர்லாந்தில். ஆங்கிலேயரைப் போலப் பேசுமாறு ஸ்காட்லாந்தியருக்கு அயர்லாந்தியர் ஒருவர் கற்பித்த விந்தை இது. 1791-இல் ஒலிப்பகராதி வெளியிட்ட ஜான் வாக்கர், லண்டன் ஒலிப்பையே சிறந்ததெனக் கொண்டு, அந்நகரத்து எளியோரின் காக்னி ஒலிப்பை இழித்துரைத்தார். பின்னர்ச் செல்வர் மக்கள் உறைந்து பயிலும் பள்ளிகள் அவ்வுயர்ந்தோர் ஒலிப்பை நாடெங்கும் பரப்பின. 1917-இல் டேனியல் ஜோன்ஸ் வெளியிட்ட அகராதியும் அதனைப் 'பப்ளிக் ஸ்கூல்' ஒலிப்பு என்றே குறித்தது. 'ஏற்கப்பெற்ற ஒலிப்பு' எனப் பொருள்படும் பெயர் அதன்பின் நிலைத்தது. ஏற்றவர் யார் என்பதனை அப்பெயர் கூறவில்லை. 1970-களில் ஓர் ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டவாறு, அவ்வொலிப்பிற்கு உரியோர் அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு மூவரே.

இந்நிலையை நகைச்சுவையுடன் காட்டுவது பெர்னார்ட் ஷா இயற்றிய 'பிக்மேலியன்' என்னும் நாடகம். அது 1913-இல் வியன்னா நகரிலும், 1914-இல் லண்டனிலும் நடிக்கப்பெற்றது. ஒலிநூல் வல்ல ஹிக்கின்ஸ் என்பவர், தெருவில் மலர் விற்கும் எலிசா என்னும் பெண்ணின் ஒலிப்பைத் திருத்தி, அவளை உயர்குடி மங்கையாகக் காட்டி வெல்கிறார். வென்றபின் அப்பெண் பழைய தெருவிற்கும் உரியவளல்லள். புதிய மாளிகைக்கும் உரியவளல்லள். அவள் இனி என் செய்வாள் என்பதே நாடகத்தின் உயிர்.

1922-இல் தோன்றிய பி.பி.சி. வானொலி நிறுவனம், ஐயத்திற்கிடமான சொற்களை அறிவிப்பாளர் எவ்வாறு ஒலித்தல் வேண்டும் என முடிவு செய்ய, 1926-இல் ஒரு குழுவை அமைத்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் தலைவராக இருந்தார். அவருக்குப்பின் ஷாவே அப்பொறுப்பை ஏற்றார். வானொலியில் செய்தி கூறுவோர் அனைவரும் ஏறத்தாழ ஒரே ஒலிப்பினராக இருந்த அக்காலத்தில், இரண்டாம் உலகப்போர் மூண்டது.

1941-இல், யார்க்ஷயரைச் சேர்ந்த ஹாலிபாக்ஸ் நகரில் பிறந்த வில்பிரட் பிக்கிள்ஸ் என்பவர் நாடு முழுவதற்கும் செய்தி படிக்க அமர்த்தப்பெற்றார். தெற்கத்தியர் ஒலிப்பைப் பகைவர் போலிசெய்து பொய்ச்செய்தி பரப்பக்கூடும், வடபுலத்து ஒலிப்பைப் போலிசெய்தல் அரிது என்று எண்ணியதும் இதற்கொரு காரணம் என்பர். பிக்கிள்ஸ் தமக்கியல்பான குறில்களைக் குறிலாகவே ஒலித்தார். செய்தியின் முடிவில் வடபுலத்தாருக்கு அவர்தம் வழக்கிலேயே இரவு வாழ்த்துக் கூறினார். பாராட்டினோரும் உளர். ஆயினும் கண்டித்து எழுதினோர் மிகப் பலர். அவ்வொலிப்பில் வந்த செய்தியை நம்ப இயலவில்லை என்றும் சிலர் கூறினர். போரும் மாறவில்லை, செய்தியும் மாறவில்லை. உயிரெழுத்துச் சிலவற்றின் அளவே மாறியது. பிக்கிள்ஸ் நெடுநாள் கழியுமுன்னரே வடபுலத்திற்கு மீண்டார். செய்திக்கு ஒவ்வாதெனப்பட்ட அதே குரலால், போருக்குப்பின் அவர் நடத்திய வினாவிடை நிகழ்ச்சி நாடெங்கும் பெரும்புகழ் பெற்றது. களிக்கச் செய்யும் குரலுக்கும் நம்பச் செய்யும் குரலுக்கும் மக்கள் வேறுவேறு இலக்கணம் வகுத்திருந்தனர் போலும்.

உயர்வு என்பது ஒலியிலேயே அமைந்ததாயின், ஓரிடத்தில் உயர்ந்த ஒலி எவ்விடத்தும் உயர்ந்ததாதல் வேண்டும். ரகரத்தின் வரலாறு அதனை மறுக்கின்றது. தமிழர் 'கார்' என்னும் சொல்லின் ஈற்று மெய்யை முழுதும் ஒலிப்பர். லண்டன் உயர்ந்தோர் அதனை விட்டுக் 'கா' என்பர். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் அவ்வெழுத்து ஒலித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அது மங்கியது. ஆகவே அதனை ஒலிக்கும் அமெரிக்கர் பழமையைக் காப்பவராவர். நியூயார்க் நகரத்தாரோ இங்கிலாந்தைப் பின்பற்றி ரகரத்தை விட்டனர். இரண்டாம் உலகப்போருக்கு முன் அங்கே அது நாகரிகமாகவும் கருதப்பட்டது. போருக்குப்பின் அம்மதிப்புத் தலைகீழாயிற்று.

இதனை அளந்து காட்டியவர் வில்லியம் லபோவ் என்னும் அமெரிக்க மொழியறிஞர். அவர் 1962-இல் நியூயார்க் நகரின் மூன்று பெருங்கடைகளுக்குச் சென்றார். 'சாக்ஸ்' செல்வர் செல்லும் கடை. 'மேசிஸ்' நடுத்தர மக்களுடையது. 'கிளைன்' மலிவு விலைக் கடை. நான்காம் மாடியில் உள்ளதெனத் தாம் அறிந்த ஒரு பொருள் எங்குள்ளது என ஊழியரை வினவினார். 'போர்த் புளோர்' என விடை வந்தது. அவ்விரு சொற்களிலும் ரகரம் வருதலே அவர் வேண்டியது. செவியில் விழாதார் போல மீண்டும் வினவ, ஊழியர் சற்றுக் கருத்தூன்றித் திரும்பக் கூறினர். இவ்வாறு 264 பேரின் விடைகளைத் தொகுத்தார். ரகரத்தை எப்போதும் அல்லது இடையிடையே ஒலித்தோர் சாக்ஸ் கடையில் 62 விழுக்காட்டினர். மேசிஸ் கடையில் 51 விழுக்காட்டினர். கிளைன் கடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரே. ரகரத்தை விடுவோர் லண்டனில் மேலோர். நியூயார்க்கில் ரகரத்தை விடுவோர் கீழோர் எனப்பட்டனர். தம்மை யாரோ அளக்கின்றனர் என்பதை அறியாத கடை ஊழியர், இவ்வளவு நுட்பமான செய்தியை இரண்டு சொற்களில் உரைத்துவிட்டனர்!

கேட்போர் மனத்தை நேரே ஆராயவும் அறிஞர் ஒரு வழி கண்டனர். பல ஒலிப்புக்களில் வல்ல ஒருவரே ஒரே செய்தியைப் பல்வேறு ஒலிப்பிற் கூறுவார். அனைத்தும் ஒருவர் குரலே என்பதைக் கேட்போர் அறியார். கனடாவில் வாலஸ் லாம்பர்ட் 1960-இல் இம்முறையைக் கையாண்டார். 1970-களில் ஹவார்டு கைல்ஸ் என்பவர் பிரிட்டனில் இதனைப் பின்பற்றியபோது, 'ஏற்கப்பெற்ற ஒலிப்பு' உடையாரை அறிவுடையார் என்றும், வட்டார ஒலிப்பு உடையாரை நேர்மையும் இன்முகமும் உடையார் என்றும் கேட்டோர் மதித்தனர். மரண தண்டனை கூடாது என்னும் வாதத்தை அவர் மாணவர்க்குப் பல ஒலிப்பிற் கேட்பித்த ஆய்வு மேலும் சுவையானது. உயர்ந்தோர் ஒலிப்பிற் கேட்ட மாணவர், வாதம் திறமானது என்று பாராட்டினர்; ஆனால் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வட்டார ஒலிப்பிற் கேட்டோரோ வாதத்தை அவ்வளவாகப் பாராட்டவில்லை, கருத்தை மாற்றிக்கொண்டனர்.

இம்மதிப்பீடு ஆய்வுக்கூடத்தோடு நிற்பதாயின் கேடில்லை. பர்மிங்காம் ஒலிப்பிற் பேசிய ஒருவரைக் குற்றவாளியாயிருக்கக்கூடும் எனக் கேட்போர் மிகுதியும் எண்ணியதாக 2002-இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. அமெரிக்காவில் வீட்டு வாடகையில் இனவேற்றுமை காட்டுதலை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆயினும் தொலைபேசியில் முகம் தெரியாவிடினும் குரல் தெரியும். ஜான் பா என்னும் கறுப்பின அறிஞர், தாம் வீடு தேடியபோது பட்ட அனுபவத்தால் இதில் கருத்துச் செலுத்தினார். அவரும் அவர் துணைவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரே மூவகை ஒலிப்பில் வீட்டுரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தார். கலிபோர்னியாவில், வெள்ளையர் மிக்க வுட்சைட் என்னும் ஊரில், பொதுவான அமெரிக்க ஒலிப்பில் அழைத்தபோது நூற்றுக்கு 70 அழைப்புக்களில் வீட்டைக் காண இசைவு கிட்டியது. கறுப்பர் ஒலிப்பிலும் மெக்சிகோ வழியினர் ஒலிப்பிலும் அழைத்தபோது நூற்றுக்கு 30 அழைப்புக்களிற்கூடக் கிட்டவில்லை.

செவி மட்டுமே இத்தீர்ப்பை வழங்குகின்றதா என்றால், அதுவும் இல்லை. டொனால்ட் ரூபின் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகவுடைய பெண்மணி ஒருவரின் விரிவுரை ஒலிப்பதிவு கல்லூரி மாணவர்க்குக் கேட்பிக்கப்பட்டது. ஒரு சாராருக்கு வெள்ளைப் பெண்மணியின் படமும், மற்றொரு சாராருக்கு ஆசியப் பெண்மணியின் படமும் உடன் காட்டப்பட்டன. ஆசிய முகத்தைக் கண்டோர், பேச்சில் அயல்நாட்டு ஒலிப்பைக் கேட்டதாகக் கூறினர். விரிவுரையை அவர் விளங்கிக்கொண்டதும் குறைவாகவே இருந்தது. பதிவில் இல்லாத ஒலிப்பைக் கண் கேட்டது.

அயல் ஒலிப்பு உண்மையாகவே இருக்கும்போது செவி முதலில் இடர்ப்படும். ஆனால் அவ்விடர் நெடுநேரம் நிற்பதன்று. கிளார்க், காரெட் என்னும் இருவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பழகாத அயல்நாட்டு ஒலிப்பில் ஆங்கிலத்தைக் கேட்டோர் தொடக்கத்தில் சற்றுத் தாமதமாகவே சொற்களை உணர்ந்தனர். அத்தாமதம் ஒரு நிமிடம் கழியுமுன்னரே பெரிதும் குறைந்துவிட்டது.