மல்லாட்டைப் பால்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பால் குடித்தால் வயிறு உப்புகிறது, கடையில் விற்கும் பாதாம்பால் கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடுக்கலாம். ஆனால் பாதாமை விட்டுவிடு. உலகத்துப் பாதாமில் ஏறத்தாழ 80 விழுக்காடு கலிபோர்னியாவில் விளைகிறது. அந்தத் தொலைவுக்கும் சேர்த்துத்தான் நீ காசு கொடுக்கிறாய். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார். பலவற்றில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் பாதாம், மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். நம் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், நூறு கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதது லாக்டோஸ் என்று டாக்டர் சொன்னாரே, அது இதில் அறவே கிடையாது.

கடலையைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம் என்று பிரிந்துவிடும். ஊறவைத்துத் தண்ணீர் விட்டு அரைத்தால், அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து, புரதத்தின் பிடியில் தண்ணீரிலேயே மிதந்து நிற்கும். வெண்மை வருவது அதனால்தான். எவ்வளவு நைசாக அரைக்கிறாயோ அவ்வளவு பால். விலை உயர்ந்த மிக்சி தேவையில்லை. முதல் அரைப்பில் தண்ணீரைக் குறைத்தால் போதும்.

வறுக்காத கடலை ஒரு டம்ளர் எடுத்துத் தட்டில் பரப்பு. இந்த வேலையில் அவசரப்படாதே. சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது, முனை உடைந்து நிறம் மாறியது எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடு. கடலையில் வளரும் ஒரு பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கும். ஈரலைக் கெடுப்பது அது. நாம் கொதிக்க வைக்கும் சூட்டுக்கெல்லாம் அது அழியாது. வாயில் போட்டுக் கசந்த கடலையைத் துப்பிவிடுகிறோமே, அந்தக் கடலை பாலுக்குள் அரைபட்டுவிட்டால் எப்படித் துப்புவது?

இரவு ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. ஊறிய கடலையைக் கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துக் கசக்கினால் தோல் தானாகக் கழன்றுவரும். இந்தச் சூட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. பச்சைக் கடலை தண்ணீரோடு அரைபடும்போது ஒரு வாடை கிளம்பும். அதை உண்டாக்கும் நொதி இப்போதே அடங்கிவிடும். பிறகு அரை டம்ளர் தண்ணீர் விட்டு வெண்ணெய்போல அரை. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார், நறநறக்கக் கூடாது. அதன்பின் மூன்று டம்ளர் தண்ணீர் சேர்த்து ஒரு சுற்று விட்டு, பழைய வேட்டித் துணியில் ஊற்றிப் பிழி.

பிழிந்ததை அப்படியே குடிக்காதே. அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இரு. நுரைத்து எழும், அடியும் பிடிக்கும். கொதி வந்தபின் பத்து நிமிடம் போதும். பச்சை வாசனை போய்விடும். ஏலக்காய் தட்டிப் போடு. கருப்பட்டியை இறக்கியபின் கரை. பிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். மேலே ஆடையும் கீழே தெளிவுமாகப் பிரிந்திருந்தால் கெட்டுப்போனதாக நினைக்காதே, குலுக்கிக்கொள். புளித்த வாடை வந்தால் மட்டும் கொட்டிவிடு.

காபியில் ஊற்றினால் திரிகிறது என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து புரதத்தைக் கட்டியாக்கிவிடுகின்றன. பாலைச் சூடாக்கி டம்ளரில் எடுத்துக்கொண்டு, டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டுப் பார்.

இதைச் சாதாரண உணவாக நினைத்து ஏமாந்துவிடாதே. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒரு காலத்தில் கடலைப் புரதத்தை எருமைப்பாலோடு கலந்து ‘மில்டோன்’ என்ற பானத்தையே உருவாக்கியது. கிடைக்கிற கொஞ்சம் பாலை நிறையப் பேருக்கு எட்டவைக்க நம் விஞ்ஞானிகள் கடலையைத்தான் நம்பினார்கள்.

அதற்காக மாட்டுப்பாலில் உள்ளதெல்லாம் இதில் இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பி12 இல்லவே இல்லை. வாரத்தில் சில நாள் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் சேர்த்துக்கொள். பி12 பற்றி டாக்டரிடம் கேள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதை யாரும் கொடுக்கக் கூடாது. உன் அறைத்தோழிக்குக் கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் அவளுக்கும் ஊற்றிக் கொடுக்காதே. சிலருக்கு மூச்சே அடைத்துவிடும்.

துணியில் தங்கும் சக்கையில் புரதம் இன்னும் நிறையவே இருக்கிறது. அன்றைக்கே அடை மாவில் கலந்துவிடு. இல்லையென்றால் காய்ந்த மிளகாய், பூண்டு, புளி, உப்பு வைத்துத் துவையல் அரை. மறுநாளைக்கு எடுத்து வைக்காதே, புளித்துப்போகும்.

அன்புடன்,
அத்தை